செத்தவனுக்கு ஒரு சாபம்

"தாயே, ஒருத்தனைச் சபிக்கணும்!"

மாசிலாமணி மடத்து வாசலில் நின்று கத்தினான். மடத்துத் துறவி அம்மையார் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"யாரை?"

"வெள்ளைக்காரன். பேரு வாயில நுழையல. செத்து நூறு வருஷத்துக்கு மேல ஆச்சாம்."

"செத்தவனைச் சபிக்கச் சொல்லி இதுவரைக்கும் யாரும் வந்ததில்ல. உக்காரு."

அவன் உட்காரவில்லை.

மாசிலாமணி அரிசி ஆலையில் மூட்டை எடை போடுகிறவன். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன். ஆனால் எண்கள் அவனை விடவில்லை. மூட்டை அடுக்கும் கிட்டங்கித் தரையெல்லாம் சாக்கட்டியால் கணக்கு எழுதுவான். சோறு ஆறும், பெண்டாட்டி திட்டுவாள், காதில் விழாது. பகா எண்களைப் பற்றி ஒரே ஒரு விதி. அதைப் பிடிப்பதற்குள் மீசை நரைத்துவிட்டது.

பிடித்ததை நேற்றுக் கல்லூரிப் பேராசிரியரிடம் கொண்டுபோனான்.

"படிச்சான் தாயே. எழுந்து போய் ஒரு புத்தகத்தை எடுத்துட்டு வந்தான். அதே விதி! ஒரு எழுத்து மாறல. அந்த வெள்ளைக்காரன் எப்பவோ போட்டு வச்சிட்டுப் போயிட்டான்."

"பேராசிரியர் என்ன சொன்னார்?"

"பாவம்னான். காபி வாங்கிக் குடுத்தான். அந்தக் காபிதான் தாயே இன்னும் வயித்துல எரியுது."

அம்மையார் சிரிக்கவில்லை.

"என் வயசையே திருடிட்டான் அந்த வெள்ளைக்காரன். இனிமே சாக்கட்டியத் தொட்டேன்னா என்னை ஏன்னு கேளுங்க. சபிங்க அவனை!"

"அவன் செத்தப்புறம் பொறந்தவன் நீ. உன்கிட்ட எப்படித் திருடுவான்?"

"பின்ன யாரு திருடினது?"

"அந்தப் புத்தகம் எங்க இருந்துச்சு?"

"காலேஜ் லைப்ரரியில."

"காலேஜ் எங்க இருக்கு?"

"எங்க ஆலைக்கு எதிர்த்தாப்ல."

"ரோட்டத் தாண்டிப் போய்ப் படிக்கிறதுக்கு என்ன?"



"போனேன் தாயே. சின்ன வயசுல, திரும்பத் திரும்பப் போனேன். இங்க படிக்கிறவங்களுக்குத்தான்னு கழுத்தப் பிடிச்சுத் தள்ளினாங்க."

அம்மையார் கீரையைக் கீழே போட்டார். அவர் முகம் சிவந்துவிட்டது. அப்படி ஒரு கோபத்தை மாசிலாமணி அவரிடம் பார்த்ததே இல்லை.

"கோபப்படாதேன்னு புத்தி சொல்வீங்கன்னு நினைச்சேன்" என்றான்.

"எதுக்குச் சொல்லணும்? வயிறு எரியுது எனக்கு. பாவிங்க. ஒரு புத்தகத்தைக் காட்டுனா என்ன குறைஞ்சு போயிருக்கும்?"

சிதறிய கீரையை அம்மையார் அள்ளி முறத்தில் போட்டார்.

"இப்பவும் உள்ள விட மாட்டாங்களா?"

"இப்ப விடுவாங்களாம். எப்ப வேணும்னாலும் வந்து படிங்கன்னு பேராசிரியர் பெரிய மனசு பண்ணிச் சொல்றான். இப்பச் சொல்றான்!"

"சரி. அந்த விதிக்கு அடுத்த பக்கத்துல என்ன போட்டிருந்துச்சு?"

"பார்க்கல. வந்த ஆத்திரத்துல புத்தகத்தை மூடி வீசிட்டு வந்துட்டேன்."

அம்மையார் எழுந்து அவன் எதிரே வந்து நின்றார். கோபம் இன்னும் இறங்கவில்லை. ஆனால் அது இப்போது அவன் பக்கம் திரும்பியிருந்தது.

"அன்னைக்கு உன்னை வெளிய தள்ளினது அவங்க. நேத்து உன்னை வெளிய தள்ளினது யாருடா?"

மாசிலாமணி இறங்கும் வெயிலைத் திரும்பிப் பார்த்தான்.

லைப்ரரி பூட்டுகிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினான்.