டிராகனின் சுவிட்ச்

அப்போதெல்லாம் எங்கள் ஹாஸ்டலில் பகடை உருட்டிக் கதை விளையாடுவோம். கதைக்குள் ஆளுக்கொரு வீரன்; அவன் செய்வது பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும். கதையை நடத்துவது சீனியர் மரியதாஸ். "இது மந்திர உலகம். மெஷின் பேச்சே வரக்கூடாது. நான் சொன்னா சொன்னதுதான்" என்பார்.

ஒருநாள், ஜூனியர் பூவரசனின் வீரன் முன்னால் டிராகனைக் கொண்டுவந்து நிறுத்தினார். தோற்றால் பூவரசன் ஆட்டத்தை விட்டே வெளியே.

"அண்ணே, இது என்ன தின்னும்?"

"ஆயிரம் வருஷமா எதுவும் தின்னதில்ல."

"தூங்குமா?"

"தூங்காது. சாகவும் சாகாது."

"அப்போ இது மெஷின்தாண்ணே. சுவிட்ச் எங்கேன்னு தேடுறேன்."

சொன்னதை மாற்ற முடியாமல் மரியதாஸ் பகடையை நீட்டினார். நல்ல எண் விழுந்தது, டிராகன் அணைந்தது. மறுநாளே எல்லோரும் எங்கள் வீரர்களுக்கு வாளோடு ராக்கெட்டும் கேட்டோம்.

போன மாதம், தலை நரைத்தபின் மறுபடி கூடினோம். மரியதாஸ் அதே பகடையை மேசையில் வைத்தார்.

"உக்காருங்கடா. டிராகனை ஆன் பண்ணி வச்சிருக்கேன்."