மூலையை மட்டும் விடட்டுங்களா?

முன்னாள் நகராட்சித் தலைவர் மருதப்பர் வீட்டுக் கூடத்தில் ஒரு பழைய கம்பளம். பாரசீகத்துச் சரக்கு என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். சம்பந்தி வீட்டார் வரும் நாளில், கம்பளம் கழுவும் சங்கிலியைக் கூப்பிட்டார்.

"அவங்க வர்றதுக்குள்ள அழுக்கு ஒரு பொட்டு இருக்கக் கூடாது."

சங்கிலி குனிந்து பார்த்தார். "இந்த மூலையை மட்டும் விட்டுடட்டுங்களா?"

"மூலையை விட்டியோ, உன் கடை இந்த ஊர்ல இருக்காது."

சங்கிலி அழுத்தித் தேய்த்தார். சம்பந்திகள் வந்து உட்கார்ந்தபோது, மூலையில் நெய்திருந்த எழுத்துகள் பளிச்சென்று தெரிந்தன: 'நகராட்சி மண்டபம். வெளியே எடுத்துச் செல்லக் கூடாது.'

மருதப்பர், கூலிக்காக நின்றிருந்த சங்கிலியின் பக்கம் சாய்ந்து, "எப்படியாவது மறைச்சிடுப்பா" என்று காதில் கெஞ்சினார்.

சங்கிலி உரக்கவே சொன்னார்: "எனக்கு அழுக்கை எடுக்கத்தாங்க தெரியும். பூசத் தெரியாது."