ஊருக்குக் குடுத்த வீடும் உண்ணாமலை ஆச்சியும்

ஒரு ஊர்ல ஒரு பெரிய வீடு. எவ்வளவு பெருசுன்னா, முன்வாசல்ல தும்மினா கொல்லையில கேக்காது. அது உண்ணாமலை ஆச்சியோட தாத்தா கட்டினது. ம் கொட்டுறியா? சரி.

கூரை ஒழுகி, சுவரு பொலபொலன்னு உதிர ஆரம்பிச்சதும் ஆச்சியால சமாளிக்க முடியல. வீட்டை ஊருக்கே எழுதிக் குடுத்துட்டு, எதிர்த்தாப்புல ஒரு சின்ன வீட்டுக்குக் குடிபோயிடுச்சு. அப்புறம் ஊரே சேந்து சுண்ணாம்பு அரைச்சு, ஓடு மாத்தி, தூணைத் தேய்ச்சு, பளபளன்னு ஆக்கிடுச்சு. இனிமே தாத்தா படத்துக்கு மாலை போட்டு, எல்லாரும் கைகட்டி நின்னு பார்த்துட்டுப் போவாங்கன்னு ஆச்சிக்கு நெனப்பு.

எங்க! முன்கட்டுல பொம்பளைங்க தையல் மெஷின் போட்டாங்க, டர்ர்ர்ர்னு. தாத்தா குறட்டை விட்ட இடத்துல பசங்க கேரம் ஆடுனாங்க, டொக் டொக்குன்னு. ஆச்சிக்கு வயிறு எரிஞ்சுது. எல்லாரையும் விரட்டியே ஆகணும்னு கெளம்புச்சு.

முதல்ல பேய் வேஷம். கண்ணுல புரை, ராத்திரி தெரியாது. அதனால பட்டப்பகல்ல வெள்ளைப் போர்வையைப் போத்திக்கிட்டு, "ஊஊஊ"ன்னு போய் நின்னுச்சு. தையல் சொல்லிக் குடுக்கற சிலம்பாயி நிமிந்து பார்த்தா. ஓரம் பிரிஞ்சிருக்கு ஆச்சின்னு போர்வையை உருவி, மெஷின்ல டர்ர்ர்னு தைச்சு, மடிச்சுக் கையில குடுத்து அனுப்பிட்டா.

அப்புறம் எருமை. ஆச்சி தன்னோட எருமையைப் பின்வாசல் வழியா உள்ள ஓட்டிவிட்டுச்சு. தடதடதடன்னு போய் கேரம் போர்டு மேலயே ஏறிடுச்சு. பசங்க அசரல. தூணோட கட்டி, சர் சர்ருன்னு பாலைக் கறந்து, டீ போட்டு, ஆச்சிக்கும் ஒரு டம்ளர் கொண்டாந்து குடுத்தாங்க. டீ நல்லா இருந்துச்சு. அதுலதான் ஆச்சிக்கு இன்னும் கோவம்.

தூங்கிட்டியா? இல்லையா, அப்ப ம் சொல்லு.

அப்போ சிலம்பாயி மகளுக்கு அந்த வீட்டுல கல்யாணம் வச்சாங்க. சிலம்பாயியோட பாட்டி காலத்துல அவங்க ஆளுங்க கொல்லைவாசலோட சரி, கூடத்தை எட்டிக்கூடப் பார்க்க விடமாட்டாங்க. ஆச்சிக்குப் பொறுக்கல. காப்பிகூடக் குடிக்காம ஓடிவந்து, வாசப்படிக்குக் குறுக்கே படுத்துக்கிச்சு. மாப்பிள்ளை ஊர்வலம் டும் டும்னு வந்து நின்னுபோச்சு. முகூர்த்தம் நெருங்குது. ஆளாளுக்குக் கெஞ்சுறாங்க. ஆச்சி அசையல.

சிலம்பாயி பட்டுப்புடவையோட வந்து பக்கத்துல தரையில உக்காந்தா. "உங்க கல்யாணமும் இங்கதானே ஆச்சி?"ன்னா.

ஆச்சி விட்டத்தைப் பார்த்துக்கிட்டே சொல்லுச்சு. "ஆமா. வீடு கொள்ளாத கூட்டம். சாப்பிட்டியான்னு என்னை ஒருத்தரும் கேக்கல."

"இன்னிக்கு முதல் இலை உங்களுக்குத்தான். எந்திரிங்க."

உள்ளேருந்து பாயசம் கமகமன்னு வாசம். ஆச்சி வயிறு கொர்ர்ர்னுச்சு. எந்திரிக்கப் பார்த்துச்சு, முடியல. முட்டி ரெண்டும் பிடிச்சுக்கிச்சு. மாப்பிள்ளை ஒரு பக்கம், அவன் தோழன் ஒரு பக்கம், அலாக்காத் தூக்கினாங்க. யாரைத் தூக்கிட்டுப் போறாங்கன்னு பார்க்காம நாயனக்காரரு பீப்பீப்பீன்னு பின்னாலயே போனாரு. ஆச்சிதான் கல்யாணப் பொண்ணு மாதிரி கூடத்துக்குள்ள போச்சு.

தாலி கட்டினதும் முதல் இலையில உக்காந்து, பாயசத்தை வாங்கி வாங்கிக் குடிச்சுச்சு. கை கழுவும்போது சிலம்பாயியைக் கூப்பிட்டு, "சாம்பார்ல உப்பு கம்மி. உன் சின்ன மக கல்யாணத்தையும் இங்கயே வையி, அடுப்புக்கிட்ட நான் நின்னு பார்த்துக்கறேன்"னு சொல்லிட்டு ஒரு ஏப்பம் விட்டுச்சு.

கதையும் இலையை மடிச்சாச்சு, நீயும் கண்ணை மூடு.