முதல் போணி

"டவுன்லோடு பக்கத்துல புது வெர்ஷன் மட்டும் இருக்கணும். பழசைத் தூக்கு, இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே!" என்று கத்தினார் பில்லிங் சாஃப்ட்வேர் கம்பெனி முதலாளி குலசேகரன்.

பக்கத்தை வடிவமைக்கும் செண்பகவல்லி இரண்டையும் ஓட்டிப் பார்த்தாள். பழசு நிலையாக ஓடுகிறது. புதுசோ பாதி பில்லில் உறைந்துவிடுகிறது. நம்பி இறக்கும் கடைக்காரர்கள் கதி?

மறுநாள் எல்லோர் முன்னாலும் அவரிடம் மவுஸை நீட்டினாள்.

"சொன்னபடியே செஞ்சுட்டேன் சார். முதல் போணி உங்க கையாலதான். உங்க லேப்டாப்லயே இறக்குங்க."

முதலாளியின் விரல் அந்தரத்தில் நின்றது. வேர்த்துக் கொட்டியது.

"எங்க குடும்பப் பாத்திரக்கடை பில்லெல்லாம் இந்த லேப்டாப்லதானேம்மா போடுறோம்... இதுல பழசே இருக்கட்டுமே."

"மத்த கடைக்காரங்க பழசுக்கு எங்கே சார் போவாங்க?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"அதுக்கும் ஒரு பட்டன் வை," என்று முனகினார். "பெருசாவே வை!"