ஓடாத வண்டிக்கு இடமில்லை

போன கார்த்திகைச் சோமவாரம் பிராகாரம் சுற்றும்போது சம்பந்தியம்மா மரகதவல்லி இதைச் சொன்னார். சாமி சந்நிதியில் கோபப்படக் கூடாது. ஆனாலும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

அவர் குடியிருக்கும் அடுக்ககத்தில் சுகந்தி என்று ஒரு நர்ஸ். அவளிடம் பழைய சிவப்பு ஸ்கூட்டர் ஒன்று உண்டு. ஒருகாலத்தில் வாலிபப் பிள்ளைகள் சீறிப்பாய வாங்கிய ரகம். ஞாயிறுதோறும் பிளக்கைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்து, பிள்ளையைப்போலப் பார்த்துக்கொள்வாள். விடிகாலை டியூட்டிக்கு அதுதான் கதி.

சங்கத் தலைவர் தனகோடிக்கு அவள் வண்டி நிறுத்தும் இடத்தின்மேல் கண். அதற்கு முந்தின பங்குனியில், வண்டி நிறுத்துமிடத்தில் நடந்த கூட்டத்தில் எழுந்து, "இந்த ஓட்டை வண்டியைத் தெருவுல தள்ளும்மா. ஓடாத வண்டிக்கு இங்கே இடமில்லை!" என்றார். தெருவில் நிறுத்தினால் ஒரே ராத்திரியில் களவு போகும். ஒருத்தி வயிற்றில் அடிக்கிறோமே என்று அந்த மனுஷனுக்குத் தோன்றவில்லை பாருங்கள்!

சுகந்தி சத்தம் போடவில்லை. "நல்ல சட்டம் சார். எல்லாருக்கும் பொதுதானே?"

"எனக்கும் சேர்த்துத்தான்!" என்று மார்தட்டினார் தலைவர்.

எல்லாரும் பார்க்க, அவள் ஸ்கூட்டரை ஒரே உதை உதைத்தாள். உறுமிக்கொண்டு கிளம்பியது. பிறகு தலைவருடைய பெரிய காரின் உறையைத் தூக்கிக் காட்டினாள். ஆயுதபூஜைக்குச் சக்கரத்தடியில் வைத்த எலுமிச்சம்பழம் நசுங்காமல், வற்றலாகச் சுருங்கிக் கிடந்தது.

"பூஜை முடிஞ்சதும் ஏத்தி நசுக்கணுமே சார். பங்குனி வந்தாச்சு, இன்னும் நல்ல நேரம் வரலையா?"

சாவி எடுத்துவர மாடிக்குப் போன தலைவர் இறங்கவேயில்லை. ஸ்கூட்டர் அதே இடத்தில்தான் நிற்கிறது.

அந்தப் பக்கம் போனால் கொஞ்சம் குனிந்து பாருங்கள்; அந்தப் பழம் இன்னும் கிடக்கிறதா என்று எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்.