இடம் விடாத மனு

குரு என்றதும் தாடி, கமண்டலம், ஆலமரத்து நிழல் என்று எதிர்பார்த்து வருகிறவர்கள் இங்கே கொஞ்சம் ஏமாந்துபோவார்கள். இந்தக் குருவுக்கு வயது இருபத்தேழு. பெயர் பிரிஸ்கா. வாரம் முழுக்க ஐஸ் கம்பெனி ஆபீசில் வேலை. ஞாயிற்றுக்கிழமை படகுகள் கடலுக்குப் போகாததால் மீன் ஏலக் கூடம் சும்மா கிடக்கும். மத்தியானம் அதைக் கழுவிவிட்டுப் பாய் விரித்து, பள்ளிக்கூட வாசலை மிதிக்காத பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுப்பாள்.

சீடர்தான் மூத்தவர். சண்முகக்கனிக்கு ஐம்பத்தைந்து தாண்டிவிட்டது. கருவாடு காயப்போட்டு விற்கிறவள். எழுத்தை அவள் ஆசைப்பட்டுக் கற்றுக்கொள்ளவில்லை. ஆத்திரப்பட்டுக் கற்றுக்கொண்டாள்.

புருஷன் மாசானம் செத்துப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு, கொழுந்தன் ஆறுமுகநயினார் ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினான். விதவைப் பென்ஷனுக்கு என்றான். அவள் பெருவிரலைப் பிடித்து மையில் உருட்டித் தாளின் அடியில் அமுக்கினான். மேலே பாதித் தாள் வெறுமையாக இருந்ததை அவள் பார்த்தாள். ஆனால் கேட்கவில்லை. தன் கையால் சோறு போட்டு வளர்த்த பிள்ளையிடம் என்னத்தைக் கேட்பது?

அந்த வெறும் இடத்தில் பிறகு எழுத்து ஏறியது. வீட்டில் எனக்குப் பங்கு வேண்டாம், கொழுந்தன் பேருக்கே பட்டாவை மாற்றச் சம்மதம் என்று. பட்டாவும் மாறியது. தான் மண் சுமந்து கட்டிய வீட்டின் பின்கொட்டகையில், கருவாட்டுக் கூடைகளுக்கு நடுவில் இப்போது அவள் படுத்துக் கிடக்கிறாள். பொங்கலுக்குள் அதையும் காலி செய்யச் சொல்லிவிட்டான்.

அன்றிலிருந்து வெறும் தாளைக் கண்டாலே அவளுக்கு வயிறு எரியும். எழுதக் கற்றதும் முதல் வேலையாக மனு எழுதினாள். தாளின் மேல் விளிம்பில் தொடங்கி அடி விளிம்பு வரை, இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரை, ஒரு கடுகு விழ இடம் இல்லாமல் எழுதினாள். வரியின் கடைசியில் ஓர் எழுத்துக்கு இடம் மிஞ்சினால்கூட அங்கே ஒரு பெருக்கல் குறியைப் போட்டு அடைத்தாள். அப்படி நாலு பக்கம்.

அதைக் கொண்டுபோய்த் திங்கட்கிழமை மனு நாளில் கொடுத்தாள். வெயிலில் அரை நாள் வரிசையில் நின்று கொடுத்தாள். அதிகாரி ஒரு தடவை பார்த்தார். மூன்றாவது வரியிலேயே அவர் கண் வழுக்கிவிட்டது.

“என்னம்மா இது, ஒரே எறும்புக் கூட்டமா இருக்கு? உனக்கு என்னதான் வேணும்?”

அவள் வாயைத் திறப்பதற்குள் பின்னால் நின்றவரின் மனுவை வாங்கிவிட்டார். “புரியும்படியா எழுதிட்டு அடுத்த வாரம் வா” என்று இவளுடைய தாள்களை மேசையின் ஓரத்துக்குத் தள்ளினார். எழுத்துத் தெரியாதபோது ஏமாற்றினார்கள். தெரிந்த பிறகு படிக்க மாட்டேன் என்கிறார்கள். யாருக்குத்தான் ஆத்திரம் வராது?

ஞாயிற்றுக்கிழமை அந்த ஆத்திரத்தோடுதான் வகுப்புக்கு வந்தாள்.

“படிச்ச மனுசனுக்குக் கண்ணு வலிக்காம் டீச்சர்! ஒரு மாசமா குறுக்கு ஒடிய எழுதியிருக்கேன். அஞ்சு நிமிசம் படிக்க முடியலயோ அவனுக்கு?”

பிரிஸ்கா தாள்களை வாங்கிப் புரட்டினாள்.

“பத்தி பிரிச்சு எழுதுங்கம்மா.”

“பத்தின்னா?”

“ஒரு விஷயம் முடிஞ்சா வரியை அங்கயே நிறுத்திரணும். அடுத்த விஷயத்தை அடுத்த வரியில, கொஞ்சம் தள்ளி ஆரம்பிக்கணும்.”

“நிறுத்துன எடத்துக்கு அங்குட்டு?”

“ஒண்ணும் இருக்காது. சும்மா கிடக்கும்.”

சண்முகக்கனி எழுந்தே விட்டாள்.

“சும்மா கெடக்குமா? சும்மா கெடந்த எடத்துலதான டீச்சர் என் வீடு போச்சு! அவனும் எடம் விடச் சொன்னான். நீங்களும் எடம் விடச் சொல்லுதிய. படிச்சவுக எல்லாரும் ஒண்ணு கூடிட்டியளா? நான் விடுவேன், எவனாச்சும் வந்து எழுதுவான். அப்புறம் கொட்டாயும் போவும். தெருவுலதான் கெடப்பேன். பாக்க வருவியளா?”

வகுப்பே எழுதுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தது. பிரிஸ்காவுக்கு முகம் வாடிப்போயிற்று.

“நீங்க எழுதுனதை நான் எல்லாருக்கும் படிச்சுக் காட்டட்டுமா?”

“படிங்க! நாலு பேரு காதுல விழட்டும். என்ன தப்பு இருக்குன்னு அவுகளே சொல்லட்டும்.”

பிரிஸ்கா படித்தாள். எழுதியிருந்தபடியே, எங்கேயும் நிறுத்தாமல் படித்தாள். மாசானத்துக்குச் சுரம் வந்தது, ஆட்டை விற்று ஆஸ்பத்திரிக்குக் கட்டியது, ஆறுமுகநயினார் கைநாட்டு வாங்கியது, மருந்து ஒத்துக்கொள்ளாதது, வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போது பாறை தட்டுப்பட்டது, பின்வீட்டுக்காரனோடு வந்த சுவர்த் தகராறு, கிணற்று வாளி காணாமல் போனது, எல்லாம் ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு ஓடியது. டீச்சருக்கு மூச்சு வாங்கியது. இரண்டாவது பக்கத்தில் யாரோ கொட்டாவி விட்டார்கள். சண்முகக்கனி அந்தப் பக்கம் திரும்பி முறைத்தாள்.

முடித்ததும் பிரிஸ்கா கேட்டாள். “இவங்க வீட்டைப் பிடுங்குனது யாரு?”

ஐஸ் உடைக்க வெளியூரிலிருந்து வந்திருந்த அந்தோணியடிமைக்குச் சண்முகக்கனியின் கதை தெரியாது. தலையைச் சொறிந்துகொண்டு, “ஆஸ்பத்திரிக்காரன்தான? ஆட்டைக்கூட வித்துக் கட்டியிருக்காவள்லா” என்றார்.

பக்கத்தில் இருந்த வள்ளிமயிலும் போன மாதம் வந்து சேர்ந்தவள்தான். “இல்ல, பின்வீட்டுக்காரன். செவுருத் தகராறுன்னு வந்துச்சுல்லா?”

“ஏட்டி, உங்களுக்கெல்லாம் காது அவிஞ்சு போச்சா?” சண்முகக்கனி கத்தினாள். “என் கொழுந்தன்டி! அவன் பேரைப் போட்டு எழுதியிருக்கேனே!”

“எழுதியிருக்கீங்கம்மா.” பிரிஸ்கா தாளில் விரல் வைத்துக் காட்டினாள். “ஆட்டுக்கும் மருந்துக்கும் நடுவுல இருக்கார். அவர் உள்ள வந்துரக் கூடாதுன்னுதான் இடமே விடாம எழுதினீங்க. அவர் ஒளிஞ்சுக்கிட இதைவிட நல்ல இடம் கிடைக்குமா?”

சண்முகக்கனி தாளையே பார்த்தாள். தன் கையால் எழுதிய பேரைக் கண்டுபிடிக்க அவளுக்கே கொஞ்ச நேரம் பிடித்தது. கோபம் போகவில்லை. யார் மேல் படுவது என்று தெரியாமல் நின்றது, அவ்வளவுதான்.

“தாளு குடுங்க” என்றாள்.

பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினாள். ஆட்டை விட்டாள், பாறையை விட்டாள், வாளியை மனசே இல்லாமல் விட்டாள். ஒவ்வொரு பத்தி முடிந்ததும், குழந்தையைத் திருவிழாக் கூட்டத்தில் விட்டுவிட்டு வருகிறவள் மாதிரி, அந்த வெறும் இடத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். கடைசியில் இப்படி நின்றது:

நான் மாசானத்தின் பெண்சாதி. இந்த வீட்டை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து கட்டினோம்.

என் கொழுந்தன் ஆறுமுகநயினார் பென்ஷனுக்கு என்று சொல்லி வெறும் தாளில் என் கைநாட்டை வாங்கினான். பிறகு அதில் வீடு வேண்டாம் என்று எழுதிக்கொண்டான்.

அந்தப் பட்டாவை ரத்து செய்து வீட்டை என் பேருக்குத் தர வேண்டும்.

அடியில் கையெழுத்தைப் போட்டு நீட்டினாள். “இந்தாங்க. நீங்க கேட்ட மாரியே ஓட்டை ஓட்டையா விட்டிருக்கேன். போதுமா?”

பிரிஸ்கா படித்தாள். மறுபடியும் படித்தாள். பிறகு தன் பேனாவை எடுத்து, இரண்டாம் பத்தியின் கடைசி வரியில் மிஞ்சிக் கிடந்த இடத்தில் ஏதோ எழுதி, தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.

சண்முகக்கனி எழுத்துக் கூட்டிப் படித்தாள். ‘இது பொய். வீடு எனக்கு வேண்டாம்.’

தாளை எல்லாருக்கும் தெரியத் தூக்கிப் பிடித்தாள்.

“ஏ பாவி மட்டை! யாரைக் கேட்டு எழுதுன?” மரியாதையெல்லாம் காற்றில் போயிற்று. “அவன் செஞ்ச அதே வேலையை என் கண்ணு முன்னாலயே செய்யுதியே! இதை நான் சொன்னதா ஆக்கிரலாம்னு பாக்கியா? இது என் எழுத்தா? என் எழுத்து கோணிக்கிட்டுச் சாஞ்சு கெடக்கும். இது அச்சடிச்ச மாரி நிக்கி. என் ‘வீ’ இப்படியா சுழிச்சிருக்கும்? எந்த ஆபீசருக்கு முன்னாலயும் வந்து சொல்லுவேன், இது என் கை இல்ல, இவ கைன்னு. மேல இருக்கது நான், கீழ இருக்கது நான், நடுவுல நீ!”

அந்தோணியடிமை எட்டிப் பார்த்துவிட்டு, “ஆமா டீச்சர், பாத்தாலே தெரியுதே, இது வேற கைதான்” என்றார்.

பிரிஸ்கா பேனாவை மூடினாள். புதுத் தாள் ஒன்றை எடுத்துச் சண்முகக்கனியின் முன்னால் வைத்தாள்.

“கைநாட்டுக்கு மேல எவன் எழுதினாலும் அது நீங்க சொன்னதாப் போயிரும்மா. உங்க எழுத்துக்கு நடுவுல எவன் எழுதினாலும் அது அவன் சொன்னதுதான்.”