நிறைந்த வீட்டுக்கு மூங்கில்

வெகு காலத்துக்கு முன்னே பாலைக்கரை நாட்டை நன்மாறன் என்றொரு ராஜா ஆண்டான். கெட்டவன் என்று சொல்ல முடியாது. கடைசியாக யார் காதில் ஓதினார்களோ அவர்கள் சொன்னதுதான் அவனுக்கு வேதவாக்கு. அந்தக் காதுக்குப் பக்கத்திலேயே ஆசனம் போட்டுக்கொண்டவர் நாகநாதப் பண்டிதர். மந்திரி இளம்பூதியார் பேச்சையும் ராஜா சில சமயம் கேட்கிறானே என்று அவருக்கு ஒரே வயிற்றெரிச்சல்.

ஒருநாள் ராஜாவுக்குத் தும்மல் நிற்கவில்லை. மந்திரி கஷாயம் குடிக்கச் சொன்னார். பண்டிதரோ, சபையில் அமங்கலச் சொற்கள் விழுவதுதான் காரணம் என்றார். அன்றே சட்டம் வந்துவிட்டது. இல்லை, தீர்ந்தது, எரிந்தது, செத்தது என்று யார் வாயிலாவது வந்தால் ஆளை வெளியே தள்ளிவிட வேண்டும். பண்டிதரின் வயிற்றெரிச்சலுக்கு மட்டும் தடை இல்லை.

அந்த வாரம்தான் பாய் நெய்கிற பூவாயியின் வீடு எரிந்தது. காயப்போட்ட கோரையில் பிடித்த நெருப்பு கூரைக்குத் தாவியது. உள்ளே கட்டியிருந்த கன்றை அவிழ்க்கப் போன அவள் புருஷன் ஒண்டிவீரன் திரும்பி வரவில்லை. நிறைமாத மகளோடு பூவாயி புளியமரத்தடியில் கிடந்தாள். ஐப்பசி மழைக்குப் பத்துப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. அதற்குள் ஒரு கூரை வேண்டும். மூங்கிலும் ஓலையும் அரண்மனைக் காட்டில்தான் கிடைக்கும். ராஜா உத்தரவில்லாமல் ஒரு கழிகூட வெட்ட முடியாது.

சபைக்கு வந்து, "வீடு எரிஞ்சுபோச்சு சாமி" என்றாள். அவ்வளவுதான், ராஜா காதில் விழுமுன்னே வெளியே தள்ளினார்கள். வாசற்காவலன் இரக்கப்பட்டு அவளுக்குச் சட்டத்தைச் சொன்னான்.

அரிசி தீர்ந்தால் நம் பெண்கள் அப்படிச் சொல்வதில்லை, 'நிறைஞ்சிருக்கு' என்பார்கள். விளக்கை அணைப்பதில்லை, குளிர வைப்பார்கள். தாலிக்கயிறு அறுந்தால் 'பெருகிடுச்சு' என்பார்கள். அந்தச் சொற்களையே பொறுக்கி எடுத்துக்கொண்டு மறுநாள் பூவாயி வந்தாள்.

"கூரை குளிர்ந்திருச்சு சாமி. குதிரெல்லாம் நிறைஞ்சிருக்கு. என் தாலியும் பெருகிடுச்சு. மூங்கிலும் ஓலையும் தரணும்."

பண்டிதர் முந்திக்கொண்டார். "குளிர்ந்த கூரை, நிறைந்த குதிர், பெருகிய தாலி. இத்தனை பாக்கியம் உள்ளவளுக்கு மூங்கில் எதற்கு மகாராஜா?"

ராஜா விழுந்து விழுந்து சிரித்தான். தாலி பெருகியதற்குப் பரிசாக இரண்டு முழம் மல்லிகை கொடுத்தனுப்பச் சொன்னான். அதைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் அவள் நின்றாள். விளக்கிச் சொல்வதென்றால் மந்திரியும் அமங்கலம்தான் பேசியாக வேண்டும். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

மறுநாள் மதியம் ராஜா சாப்பிட உட்கார்ந்தான். எதிரே வெறும் இலைதான் கிடந்தது. சோறு நிறைந்திருக்கிறது என்றான் சமையல்காரன். நிறைந்திருந்தால் போடு என்றான் ராஜா. குழம்பும் நிறைந்திருக்கிறது என்றான் அவன். இப்படியே ரசம், மோர்வரைக்கும் போயிற்று. பசி காதை அடைக்க, "இலையில் ஒன்றுமே இல்லையேடா" என்று ராஜா கத்தினான்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மந்திரி எழுந்து போய்க் கதவைத் திறந்து பிடித்தார். "இல்லை என்று சொல்லிவிட்டீர்கள் மகாராஜா. சட்டப்படி வெளியே போக வேண்டும். இவன் மேல் கோபம் வேண்டாம், நான் சொல்லித்தான் செய்தான். நேற்று அந்தப் பாய்க்காரி பேசிய பேச்சைத்தான் பேசினான்."

ராஜாவுக்கு மெல்ல மெல்லப் புரிந்தது. "அப்படியானால், தாலி பெருகியது என்றாளே?"

"அதற்குத்தான் பூக் கொடுத்தீர்கள்."

ராஜா அன்று சாப்பிடவில்லை. சட்டம் போயிற்று, மூங்கிலும் ஓலையும் வண்டி வண்டியாக வந்தன. எரிந்த வீட்டுச் சாம்பலைப் பண்டிதரே சுமக்க வேண்டும், ஒவ்வொரு கூடைக்கும் 'சாம்பல்' என்று உரக்கச் சொல்ல வேண்டும் என்று உத்தரவாயிற்று. ஊரே கூடி நின்று சிரித்தது. ஒரு கூடையில் கன்றின் கழுத்துமணி வந்தபோது பண்டிதருக்குக் குரல் எழும்பவில்லை. ஊரும் சிரிப்பதை நிறுத்திக்கொண்டது.

மழைக்கு முன்னே வீடு எழும்பியது. பால் காய்ச்சுகிற அன்று ராஜாவும் வந்தான். பானையில் பாலை ஊற்றி, அடுப்பில் சுள்ளி வைத்த பூவாயிக்கு அதைப் பற்றவைக்க மட்டும் கை வரவில்லை. மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"என்ன நடந்தது, சொல்லும்மா. இப்போது எந்தச் சொல்லுக்கும் தடையில்லை" என்றான் ராஜா.

"எரிஞ்சுபோச்சு சாமி. அவரு உள்ள போனாரு. வரல. செத்துப்போயிட்டாரு."

அத்தனை நாளில் அப்போதுதான் அவள் அழுதாள். அடுப்பு மூட்டவே இல்லை. ராஜா பச்சைப் பாலையே வாங்கிக் குடித்துவிட்டுப் போனான்.

சாயங்காலம் மழை வந்தது. கூரை ஒழுகவில்லை. அப்புறம் எல்லாரும் சுகமாக இருந்தார்கள் என்று சொல்லித்தான் ராஜா கதைகளை முடிக்க வேண்டுமாம். அதுவும் ஒரு மங்கலச் சொல்தான். நான் சொல்வதாக இல்லை.